ஜங்ஷன் பெஞ்ச்: பனியில மேய்ஞ்ச காளை



நம்ம விருத்தாசலத்துக்கு ஒரு ஸ்பெஷல் இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? ஊர் பேர்லயே மலை இருக்கு. விருத்தம்னா பழசு, அசலம்னா மலை. தமிழ்ல திருமுதுகுன்றம். கோயில்ல குடியிருக்கிறவர் பழமலைநாதர். உலகத்துல இருக்கிற எல்லா மலைக்கும் முன்னாடி பிறந்த சூப்பர் சீனியர் மலை இதுதான்னு தலபுராணம் சொல்லுது. ஆனா ஜங்ஷன்ல இறங்கி நாலு பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பாருங்க... மலையைக் காணோம்! செராமிக் கம்பெனி புகைபோக்கி, முந்திரித் தோப்பு, பாதி வருஷம் மணல் மட்டும் ஓடுற மணிமுத்தாறு. அவ்ளோதான்.

இப்படிப்பட்ட ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு மலை ஏறினவரைப் பத்தி எழுதப் போறியான்னு கேக்காதீங்க. செராமிக் காலேஜ் ஃபைனல் இயர் பையன் ஒருத்தன் கேட்ட கேள்விதான் காரணம். "அண்ணா, ஆர்மியில சேர்ந்தா சுடறதைத் தவிர வேற என்ன பண்ணலாம்?" நல்ல கேள்வி. ஊர் சுத்தலாம்டா தம்பின்னு சொன்னேன். சிரிச்சான். ஊர் சுத்தியே ஒரு நாட்டோட மேப்பை மாத்தின ஆள் இருந்தார்னு சொன்னேன். சிரிப்பு நின்னுச்சு.

அந்த ஆள் பேர் கர்னல் நரேந்திர குமார். ஆர்மியில யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்க. 'புல்' குமார். காளை!

காளைப் பட்டம் எப்படி வந்துச்சுங்கிறது ஒரு காலேஜ் கதை. 1950. டேராடூன்ல ராணுவப் பயிற்சிக்குப் போய்ச் சேர்றார். அங்க குத்துச்சண்டைப் போட்டி. முதல் பவுட்டே ஒரு சீனியரோட. நம்ம ஆள் உயரமும் அதிகமில்ல, டெக்னிக்கும் அதிகமில்ல. தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு... தலையைக் குனிஞ்சுக்கிட்டு நேரா முட்டுறது. அடி வாங்குறது, பின்னாடி வர்றது, மறுபடி முட்டுறது. ரிசல்ட்? தோத்துட்டார். ஆனா பட்டம் அவருக்குத்தான் கிடைச்சது. செத்த வரைக்கும் அது போகல. ஜெயிச்ச அந்த சீனியர் யார் தெரியுமா? சுனித் பிரான்சிஸ் ரோட்ரிக்ஸ். 1990ல இந்திய ராணுவத் தளபதியே ஆனவர்! ஃபர்ஸ்ட் இயர்ல சீனியர்கிட்ட அடி வாங்கினதுக்காக யாராச்சும் வருத்தத்துல இருந்தா, கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கலாம்.

பின்னணியைச் சுருக்கமா சொல்லிடறேன். பிறந்தது 1933 டிசம்பர் 8, ராவல்பிண்டியில. 13 வயசுல சாரணர் படையில பஞ்சாப் சார்பா, பாரிஸ் பக்கத்துல நடந்த உலக ஜாம்போரிக்குப் போனார். 1947 ஆகஸ்ட் அது. தேதியைப் பாருங்க. கப்பல்ல திரும்பி வர்றதுக்குள்ள நாடு ரெண்டாகிடுச்சு. கிளம்பின ஊர் வேற நாட்டுல இருக்கு! எல்லைக்கோடுன்னா என்னன்னு அந்த வயசுலயே நேர்ல தெரிஞ்சுக்கிட்டவர். பின்னாடி ஒரு மேப்ல ஒரு கோடு தப்பா இருந்ததைப் பார்த்து அவர் ஏன் அவ்வளவு துடிச்சார்ங்கிறதுக்கு இதுலதான் விடை இருக்குன்னு நான் நினைக்கிறேன். இது என் ஊகம் மட்டும்தான்.

1954ல குமாவூன் ரெஜிமென்ட்ல ஆபீசர். அதே வருஷம்தான் டார்ஜிலிங்ல மலையேற்றப் பயிற்சிக் கழகம் ஆரம்பிச்சாங்க. எவரெஸ்ட்ல முதல்ல கால் வெச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான டென்சிங் நார்கேதான் அங்க பயிற்சித் தலைவர். அவர் பக்கத்துல போனா யாருக்குத்தான் ஆசை வராது? குமாருக்கும் ஒட்டிக்கிச்சு. 1958ல 7,120 மீட்டர் உயர திரிசூல் சிகரத்துக்கு ஒரு டீமைக் கூட்டிக்கிட்டுப் போய் ஏத்தினார். அதுக்கப்புறம் அவர் லைஃப்ல சமதரை கம்மி.

1960. இந்தியாவோட முதல் எவரெஸ்ட் பயணம். தலைவர் பிரிகேடியர் கியான் சிங். உச்சிக்குப் போக அனுப்பின மூணு பேர்ல குமார் ஒருத்தர். மத்த ரெண்டு பேர் சோனம் கியாட்சோ, நவாங் கோம்பு. மே 25ஆம் தேதி 28,300 அடி வரைக்கும் போயிட்டாங்க. இன்னும் 700 அடிதான். நம்ம ஊர்க் கணக்குல சொன்னா, ஜங்ஷன் பிளாட்பாரத்தோட ஒரு முனையிலிருந்து மறுமுனை அளவு கூட இல்ல. சூறாவளிக் காத்து. முகத்துல பனி ஊசி. எதிர்ல நிக்கிறவரைத் தெரியல. திரும்பிட்டாங்க.

முட்டுறதுதான் காளை குணம்னு சொன்னேன் இல்லையா? இந்த இடத்துல அவர் முட்டல. எனக்கு இவரைப் பிடிச்சதே இந்த இடத்துலதான். அந்த 700 அடியைத் தாண்டப் போய் அங்கேயே உறைஞ்சு போனவங்க நிறைய பேர். மூணு பேரும் உயிரோட இறங்கினாங்க. அந்த மூணு பேர்ல கோம்பு 1963லயும் 1965லயும் எவரெஸ்ட் ஏறி, ரெண்டு தடவை ஏறின முதல் மனுஷன் ஆனார். கியாட்சோ 1965ல ஏறினார். குமார் மட்டும் வாழ்நாள் பூரா எவரெஸ்ட் உச்சியில நிக்கவே இல்ல!

ஏன்? அடுத்த வருஷம் நடந்ததைக் கேளுங்க.

1961. பத்ரிநாத் கோயிலுக்கு மேல செங்குத்தா நிக்கிற நீலகண்டம். உயரம் 6,596 மீட்டர்தான். ஆனா ஏறுறவங்களைப் படாத பாடு படுத்துற மலை. அங்க மோசமான வானிலையில மாட்டிக்கிட்டதுல குமாரோட கால் விரல்கள் பனிக்கடியில செத்துப் போச்சு. நாலு விரலை எடுத்துட்டாங்க. வயசு 27.

பனிக்கடின்னா என்னன்னு செராமிக் பசங்களுக்கு ஈஸியா சொல்லலாம். சரியா காயாத பொம்மையை அவசரப்பட்டுச் சூளையில வெச்சா என்ன ஆகும்? உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி இடம் தேடும். இடம் கிடைக்கலன்னா பொம்மை 'டப்'புனு வெடிச்சிடும். பனிக்கடி அதுக்கு நேர் எதிர் சூளை. கடும் குளிர்ல உடம்பு முதல்ல இதயம், மூளையைக் காப்பாத்தப் பார்க்கும். கை, கால் நுனிக்குப் போற ரத்தத்தைக் குறைச்சிடும். அங்க சதையில இருக்கிற தண்ணி உறைஞ்சு பனிப்படிகமாகி, செல்லையெல்லாம் கிழிச்சிடும். முதல்ல எரியும், அப்புறம் மரத்துப் போகும், வலியே இருக்காது. வலிக்காம போச்சுன்னா சந்தோஷப்படக் கூடாது, அதுதான் டேஞ்சர். அப்புறம் கறுத்துடும். கறுத்த பிறகு கத்திதான்.

மலை ஏறுறவனுக்குக் கால் விரல் எதுக்குன்னு கேட்டா, முழு எடையையும் ரெண்டு பெருவிரல் நுனியில வெச்சு ஐஸ் சுவர்ல நிக்கணும். பாலன்ஸ் அங்கதான். நாலு விரல் போன ஆளுக்கு வீட்டுல உட்கார்ந்து பென்ஷன் கணக்குப் பார்க்க முழு உரிமை உண்டு. நம்ம ஆள் பண்ணின லிஸ்ட்டைப் பாருங்க. எல்லாமே விரல் போன பிறகு!

1964ல நந்தாதேவி, 7,816 மீட்டர். இவர் தலைவர். ஜூன் 20ஆம் தேதி நவாங் கோம்புவும் தவா நோர்புவும் உச்சி தொட்டாங்க. இந்தியக் குழு ஒண்ணு அதை ஏறினது அதான் முதல் தடவை. 1965ல எவரெஸ்ட். தலைவர் கடற்படையிலிருந்து வந்த எம்.எஸ்.கோலி, துணைத் தலைவர் குமார். மே 20லிருந்து 29க்குள்ள ஒன்பது பேரை உச்சியில ஏத்தினாங்க. ஒரே குழுவுலருந்து ஒன்பது பேர்ங்கிறது அப்போ உலக சாதனை. அந்த வருஷமே குமாருக்கு பத்மஸ்ரீ, அர்ஜுனா விருது ரெண்டும் வந்துச்சு.

(அந்த ஒன்பது பேர்ல மேஜர் எச்.பி.எஸ்.அலுவாலியான்னு ஒருத்தர். மே மாசம் எவரெஸ்ட் உச்சியில நின்னார். அதே வருஷம் வந்த போர்ல குண்டு பாய்ஞ்சு முதுகுத்தண்டு போச்சு. வாழ்நாள் பூரா வீல்சேர். அப்படி இருந்தே டில்லியில முதுகுத்தண்டு சிகிச்சைக்குன்னு ஒரு பெரிய மருத்துவமனையை உருவாக்கினார். 2022ல காலமானார். இவருக்கே தனியா ஒரு வாரம் எழுதணும். எழுதறேன்.)

1977ல கஞ்சன்ஜங்கா. உலகத்தோட மூணாவது பெரிய மலை, 8,586 மீட்டர். 1955ல நேபாளப் பக்கத்துலருந்து பிரிட்டிஷ்காரங்க ஏறியிருந்தாங்க. குமார் எடுத்துக்கிட்டது இந்தியப் பக்கம், சிக்கிம்லருந்து போற வடகிழக்கு முகடு. 1929லயும் 1931லயும் ஜெர்மன்காரங்க வந்து முட்டிப் பார்த்துத் திரும்பிப் போன வழி. 46 வருஷம் கழிச்சு, மே 31ஆம் தேதி, மேஜர் பிரேம்சந்தும் நாயக் நிமா தோர்ஜே ஷெர்பாவும் அந்த வழியா உச்சிக்குப் போனாங்க. குமாருக்கு கீர்த்தி சக்ரா.

பாருங்க, ஒவ்வொரு தடவையும் உச்சியில கொடியோட போட்டோல நிக்கிறது வேற யாரோ. கீழ கயிறு எவ்வளவு, ஆக்சிஜன் எத்தனை சிலிண்டர், யாருக்கு இருமல், யாருக்கு வீட்டு ஞாபகம்னு கணக்குப் பண்றது இவர். காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல மேடைக்குப் பின்னாடி ஸ்கிரீன் இழுக்கிறவனுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும்.

இப்ப மெயின் பிக்சருக்கு வரலாம்.

அதே 1977 வாக்குல, ஆத்துல ராஃப்டிங் போற ஒரு ஜெர்மன்காரர் லடாக் பக்கம் படகு விட ஐடியாவோட குமாரைப் பார்க்க வர்றார். கையில ஒரு மேப். அமெரிக்காவுல அச்சடிச்சது. படகுக்கு ஆறு எங்க, மேடு எங்கன்னு ரெண்டு பேரும் விரிச்சுப் பார்க்கிறாங்க. குமார் கண்ணு ஆத்துல நிக்கல. வடக்கு மூலையில போய் நின்னுடுச்சு.

ஏன்னா, அங்க இருக்கக்கூடாத ஒரு கோடு இருந்துச்சு.

கொஞ்சம் ஹிஸ்டரி, பொறுத்துக்கோங்க. 1949ல கராச்சி ஒப்பந்தம். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவுல போர்நிறுத்தக் கோடு போட்டாங்க. தெற்குலருந்து வளைஞ்சு நெளிஞ்சு வந்த கோடு 'என்.ஜே. 9842'ங்கிற ஒரு புள்ளியோட நின்னுடுச்சு. அதுக்கு மேல? 'அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை'ன்னு ஒரு வரி எழுதிட்டு எழுந்துட்டாங்க! அந்த ஐஸுக்காக எவன் சண்டை போடப் போறான்னு நினைப்பு. 1972 சிம்லா ஒப்பந்தத்துக்கு அப்புறம் கோட்டை மறுபடி வரைஞ்சப்பவும் அதே புள்ளியோட நிறுத்திட்டாங்க. எக்ஸாம்ல கடைசிக் கேள்விக்கு 'மீதியை இதே போல் நிரூபிக்கலாம்'னு எழுதி பேப்பரைக் கட்டுவோமே, அதே டெக்னிக். அங்க கரெக்‌ஷன் பண்ணினது துப்பாக்கி.

அமெரிக்க மேப்காரங்க 1960கள் கடைசியிலருந்து அந்தப் புள்ளியை எடுத்து, ஸ்கேல் வெச்சு வடகிழக்கா காரகோரம் கணவாய் வரைக்கும் நேரா ஒரு கோடு இழுத்துட்டாங்க. விளைவு? சுமார் 76 கிலோமீட்டர் நீளமுள்ள சியாச்சின் பனியாறு முழுசும் பாகிஸ்தான் பக்கம்! பேப்பர்ல மட்டுமில்ல. வெளிநாட்டு மலையேறிகள் பாகிஸ்தான்ல பர்மிட் வாங்கிக்கிட்டு அங்க போய் வந்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு இடம் யாருதுன்னு கேட்டா, யார் பர்மிட் கொடுக்கிறாங்களோ அவங்களுதுன்னு ஆகிடும் இல்லையா? காலி மனையில பக்கத்து வீட்டுக்காரர் மாட்டைக் கட்டி மாட்டைக் கட்டிக் கடைசியில பட்டா வாங்கிடுற மாதிரி.

குமார் அப்போ குல்மார்க்ல இருக்கிற உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியோட தலைவர். மேப்பைச் சுருட்டிக்கிட்டு நேரா டில்லி போறார். ராணுவ நடவடிக்கைகளுக்குப் பொறுப்பா இருந்த லெஃப்டினன்ட் ஜெனரல் எம்.எல்.சிப்பர்கிட்ட விரிக்கிறார். போய்ப் பார்த்துட்டு வரட்டுமான்னு கேக்கிறார். பர்மிஷன் கிடைக்குது. வெளியில பார்த்தா பயிற்சி மலையேற்றம். உள்ள வேற வேலை.

1978ல பயிற்சிப் பள்ளி ஆட்களோட சியாச்சின்ல ஏறினார். டெரம் காங்ரி தொடர்ல ஒரு சிகரமும் ஏறியாச்சு. கூடவே பனியில கிடைச்சதையும் பொறுக்கினாங்க. காலி டின், சிகரெட் பாக்கெட், லேபிள். நம்ம பார்வைக்குக் குப்பை. அவருக்கு அது சாட்சி. யார் யார் வந்து போயிருக்காங்கன்னு சொல்ற விசிட்டர் புக்.

1981ல மறுபடி. இந்தத் தடவை சுமார் 70 பேர். பனியாறு தண்ணியா மாறி நூப்ரா ஆறா வெளிய வர்ற வாய்லருந்து, தலைமாடு வரைக்கும். சால்டோரோ காங்ரி, சியா காங்ரின்னு சிகரங்கள். கடைசியில இந்திரா கோல்ங்கிற வடகோடிக் கணவாய். பாகிஸ்தான் விமானங்கள் தலைக்கு மேல வந்து பார்த்துட்டுப் போனதையும் குமார் சொல்லியிருக்கார். அவர் டீம் என்ன பண்ணுச்சு? போட்டோ எடுத்துச்சு. மேப் வரைஞ்சுச்சு. எங்க வெடிப்பு, எங்க கூடாரம் போடலாம், எங்க ஹெலிகாப்டர் இறங்கலாம்னு குறிச்சு வெச்சுச்சு.

இந்திரா கோல்னதும் இந்திரா காந்தி பேருன்னு நினைக்காதீங்க. 1912ல ஃபேன்னி புல்லக் வொர்க்மேன்னு ஒரு அமெரிக்க அம்மா, நீளப் பாவாடை கட்டிக்கிட்டு இந்தப் பனியாறு முழுக்க நடந்து அளந்தாங்க. லட்சுமிக்கு இந்திரான்னு ஒரு பேர் உண்டே, அதை வெச்சவங்க அவங்கதான். 'பெண்களுக்கு ஓட்டுரிமை வேணும்'னு எழுதின பேப்பரை அந்த ஐஸ் மேல நின்னு பிடிச்சு போட்டோவும் எடுத்துக்கிட்டாங்க. கேர்ள்ஸ், நோட் பண்ணுங்க! அவங்க புல்லக், இவர் புல். சியாச்சினுக்கும் மாட்டுக்கும் ஏதோ ராசி.

ஒரு செராமிக் மேட்டர் சொல்லாம விட முடியல. லேப்ல பால் மில் ஓட்டியிருப்பீங்க. ஃபெல்ஸ்பாரையும் குவார்ட்ஸையும் கூழாங்கல்லோட போட்டு மணிக்கணக்கா உருட்டினா மாவாகும். பனியாறும் ஒரு பால் மில்தான், சைஸ் மட்டும் பெருசு. பாறையை அடியில வெச்சு இழுத்துக்கிட்டே போய் மாவா அரைக்கும். அதனாலதான் பனியாத்துலருந்து வர்ற தண்ணி நம்ம ஸ்லிப் டேங்க் மாதிரி சாம்பல் கலந்த வெள்ளையா இருக்கும். நம்ம ஊர் வெள்ளைக் களிமண்ணும் ஒரு காலத்துல ஃபெல்ஸ்பார் பாறையா இருந்து நொந்து நூலானதுதான். ஆக, அந்த மலைக்கும் நம்ம பொம்மைக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு.

1984 ஏப்ரல் 13. நமக்குச் சித்திரை பிறக்கிற சமயம். ஆபரேஷன் மேக்தூத். ஹெலிகாப்டர்லருந்து பிலாஃபோண்ட் கணவாய்ல இறங்கின முதல் படைப்பிரிவு, குமாரோட சொந்த குமாவூன் ரெஜிமென்ட்தான். கூட்டிக்கிட்டுப் போனவர் கேப்டன் சஞ்சய் குல்கர்னி. கையில இருந்த விவரமெல்லாம் குமார் டீம் கொண்டு வந்தது. வடக்குப் பிராந்தியத் தளபதியா இருந்து உத்தரவு போட்டவர், அன்னிக்கு மேப்பை விரிச்சுப் பார்த்த அதே சிப்பர். சால்டோரோ முகடு அன்னிலருந்து இந்தியா கையில. பனியாத்து நடுவுல சுமார் 16,000 அடி உயரத்துல இருக்கிற முகாமுக்கு 'குமார் பேஸ்'னு பேர் வெச்சாங்க. உயிரோட இருக்கிறவர் பேர்ல ஒரு ராணுவ முகாம். இது ரொம்ப அபூர்வம்.

நம்ம ஊர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிற ஒரு எக்ஸ் சர்வீஸ்மேன் அண்ணன், மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்தவர், சியாச்சின் டியூட்டி பார்த்தவர். அவர்கிட்ட இதைச் சொன்னேன்.

"ஏந் தம்பி, குமார்ங்கிறது ஆள் பேரா?"

"ஆமாண்ணே, கர்னல் குமார்."

"அட ஆண்டவா! நான் நம்ம முருகன் பேரைத்தான் வெச்சிருக்கான்னு நினைச்சுல்ல தெனம் கும்பிட்டுக்கிட்டு ஏறுனேன்!"

அப்புறம் கொஞ்ச நேரம் கடையில ஆள் வரல, பேசினார். பேஸ்ட் கல்லாகிடும், அடுப்புல காட்டித்தான் பிதுக்கணும். தண்ணின்னா ஐஸை வெட்டி மண்ணெண்ணெய் ஸ்டவ்ல உருக்குறது. வெறும் கையால துப்பாக்கி இரும்பைத் தொட்டா தோல் அங்கேயே ஒட்டிக்கும். நடக்கிறப்போ எல்லாரையும் ஒரே கயித்துல கட்டித்தான் நடப்பாங்க. ஒருத்தன் வெடிப்புல விழுந்தா மத்தவங்க இழுக்கணும். "கயிறு திடீர்னு இறுகும் பாருங்க தம்பி, அந்த இழுப்பு இருக்கே... இப்பவும் தூக்கத்துல வரும்." ஒரு கஸ்டமர் ஆதார் ஜெராக்ஸ் கேட்டு வந்தாங்க. எழுந்துட்டார்.

சியாச்சின்ல இந்தியப் பக்கம் மட்டும் செத்தவங்க எண்ணூறுக்கும் மேல. பெரும்பாலும் எதிரி குண்டுல இல்ல. பனிச்சரிவு, வெடிப்பு, ஆக்சிஜன் பத்தாம நுரையீரல்ல நீர் கோத்துக்கிறது. 2003 நவம்பர்ல போர்நிறுத்தம் வந்த பிறகும் சாவு நிக்கல. ஐஸுக்கு அக்ரிமென்ட் தெரியாது. 2012 ஏப்ரல்ல பாகிஸ்தான் பக்கம் கியாரி முகாம் மேல பனிச்சரிவு விழுந்து 140 பேர் புதைஞ்சு போனாங்க. அவங்க வீட்டுலயும் அம்மா இருப்பாங்க.

2016 பிப்ரவரி 3. சுமார் 19,600 அடி உயரத்துல சோனம் போஸ்ட். 19ஆவது மெட்ராஸ் பட்டாலியன்காரங்க பத்து பேர் மேல ஐஸ் சுவர் சரிஞ்சு விழுந்துச்சு. ஆறு நாள் கழிச்சு, முப்பது அடி ஆழத்துலருந்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோட எடுத்தாங்க. கர்நாடகா தார்வாட் பக்கத்துக்காரர். நாடே டிவி முன்னாடி உட்கார்ந்து வேண்டிக்கிச்சு. பிப்ரவரி 11ஆம் தேதி அவரும் போயிட்டார். பத்து பேர்ல நாலு பேர் தமிழ்நாட்டுப் பசங்க. வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்கள். நாலுல எந்த ஊர்லயும் பனியே பெய்யாது.

இன்னொண்ணு. 1984 மே மாசம், ஆபரேஷன் ஆரம்பிச்ச ஆறே வாரத்துல, குமாவூன் ரெஜிமென்ட்காரர் லான்ஸ் நாயக் சந்திரசேகர் ஹர்போலா பனிச்சரிவுல காணாம போனார். 2022 ஆகஸ்ட்ல உடம்பு கிடைச்சது. 38 வருஷம்! மனைவிக்கு வயசாகிடுச்சு, சின்னப் பிள்ளைகளா இருந்த பொண்ணுங்க பெரிய மனுஷிகளாகிட்டாங்க. அவர் மட்டும் போன வயசுலயே திரும்பி வந்தார்.

அந்த ஃபைனல் இயர் பையன் இதைக் கேட்டுட்டு, "அப்ப அந்த மேப்பை அவரு பார்க்காமலே இருந்திருந்தா?"ன்னான். சுலபமா பதில் சொல்ல முடியல. இவர் பார்க்கலன்னா அந்தப் பக்கம் முதல்ல ஏறியிருப்பாங்க, கீழ இருக்கிற நூப்ரா பள்ளத்தாக்கு ஆபத்துல இருந்திருக்கும்னு ராணுவக்காரங்க சொல்றாங்க. அதுல நியாயம் இருக்கு. குமாருக்கு இதுல கடைசி வரைக்கும் சந்தேகமே இருந்ததில்ல. எனக்கு இருக்கு. ரெண்டு பக்கமும் இறங்கிட்டா யாருக்கும் நஷ்டமில்லன்னு பல தடவை பேச்சுவார்த்தையும் நடந்துச்சு, யார் முதல்ல இறங்குறதுங்கிறதுல போய் நின்னுடுச்சு. ஆனா குமாரைக் குத்தம் சொல்ல மனசு வரல. வெட்டியா விட்ட கோடு 1949ல மேஜை மேல நடந்த வேலை. சொகுசு ரூம்ல எழுதின ஒரு வரிக்கு, ஐஸ்ல நின்னுக்கிட்டு அர்த்தம் தேட வேண்டி வந்தது இவங்களுக்குத்தான்.

ரிட்டையர் ஆன பிறகும் மனுஷன் வீட்டுல இருக்கல. கர்னல் பதவியோடவே ஓய்வு. சாதாரணமா ஜெனரல்களுக்கு மட்டும் கொடுக்கிற பரம விசிஷ்ட சேவா பதக்கம் இவருக்குக் கர்னலா இருக்கிறப்பவே கிடைச்சது. வெளிய வந்து சாகசச் சுற்றுலா கம்பெனி ஆரம்பிச்சார். ரிஷிகேஷ் பக்கம் இன்னிக்குக் காலேஜ் பசங்க ஹெல்மெட் மாட்டிக்கிட்டுக் கத்திக்கிட்டே கங்கையில ராஃப்டிங் போறாங்களே, அந்தப் பழக்கத்தை இந்தியாவுல ஆரம்பிச்சு வெச்சவங்கள்ல இவர் முக்கியமானவர். பொண்ணு ஷைலஜா குமார் 1988ல கனடாவின் கால்கரி குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல பனிச்சறுக்குல கலந்துக்கிட்டாங்க. குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குப் போன முதல் இந்தியப் பெண். அப்பன் விரலை விட்ட பனியில பொண்ணு சறுக்கி விளையாடியிருக்கு!

2020 டிசம்பர் 31ஆம் தேதி டில்லி ராணுவ மருத்துவமனையில இறந்தார், 87 வயசுல. கொரோனா வருஷத்தோட கடைசி நாள். ஒழிஞ்சதுடா 2020ன்னு எல்லாரும் ஃபார்வர்ட் அனுப்பிக்கிட்டிருந்த நேரம். தமிழ்ப் பேப்பர்ல அந்தச் செய்தி எத்தனை பேர் கண்ணுல பட்டிருக்கும்னு தெரியல.

சரி, அந்தப் பையனோட கடைசிக் கேள்வி, "நாங்க எங்கண்ணா ஆரம்பிக்கிறது?" டார்ஜிலிங், உத்தரகாசி ரெண்டு இடத்துலயும் பேசிக் கோர்ஸ் இருக்கு. சுமார் நாலு வாரம். என்.சி.சி.யில இருந்தா அவங்க மூலமாவே போக வழி உண்டு. 2013லயும் 2016லயும் என்.சி.சி. மாணவர்கள் எவரெஸ்ட்டே ஏறியிருக்காங்க. காலேஜ் என்.சி.சி. ஆபீசரைப் பிடிங்க, பரேடுக்குக் கட் அடிச்ச கணக்கை மட்டும் அவர்கிட்ட ஞாபகப்படுத்தாதீங்க.

அதுவும் தூரம்னா, நமக்குப் பக்கத்துலயே கல்வராயன் மலை இருக்கு. கள்ளக்குறிச்சி போய் வெள்ளிமலை பஸ் ஏறினா போதும். காட்டுக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி வனத்துறைகிட்ட கேட்டுக்கோங்க. உள்ளூர் ஆள் ஒருத்தர் கூட இருக்கட்டும். பாட்டில், கவர் எதையும் அங்க போட்டுட்டு வராதீங்க, பின்னாடி யாராச்சும் கர்னல் வந்து பொறுக்கி மேல அனுப்பிடுவார். அப்புறம் ஒண்ணு, ட்ரெக்கிங்னதும் கடலூர் போய் புது ஷூ வாங்கி அன்னிக்கே மாட்டிக்கிட்டு ஏறாதீங்க. ரெண்டு வாரம் ஊருக்குள்ள போட்டு நடந்து பழக்கின ஷூவா இருக்கட்டும். பத்து விரலும் பத்திரம், பாஸ்!